இம்ப்ராம்ப்டுன்னா என்ன பாஸ்?

கல்ச்சுரல்ஸ் போஸ்டர்ல 'இம்ப்ராம்ப்டு'னு பார்த்ததுமே எஸ்கேப் ஆகிற மக்களே... தயாரிப்பே இல்லாம பேசறதுன்னுதானே நினைக்கிறீங்க? அந்த வார்த்தையோட லத்தீன் வேருக்கு அர்த்தம், 'தயாரா கைக்கு எட்டுற மாதிரி'! அப்படியே உல்டா.

நம்ம ஊர்ல இதுக்கு ஆசுகவி. 'ஆசு'ன்னா விரைவு. தலைப்பு கொடுத்த இடத்துலயே பாட்டுக் கட்டணும். காளமேகப் புலவர் இதுல கில்லி! பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவுல சிலேடை போட்டவர். தலைப்புதான் திடீர்னு வரும். தளை, சீர் எல்லாம் முன்னாடியே உள்ள ஊறியிருக்கணும்.

இது தெரியாம, தமிழ் மீடியத்துல இருந்து வந்த பசங்க பலர் 'அதெல்லாம் பிறவி வரம்டா'னு பேரே கொடுக்கறதில்ல. ஹாஸ்டல் மெஸ்ல சாம்பாரைப் பத்தி மட்டும் நிமிஷத்துக்கு நாலு கவுன்ட்டர் அடிப்பாங்க. அதுக்கு யாரு தலைப்பு கொடுத்தாங்களாம்?