தொடை சுடுதுன்னு ஷார்ட்ஸ் போடாதீங்க

லீவுக்கு டூரிங் பைக்ல லாங் ரைடு கிளம்புற தம்பிங்க பலர், "எஞ்சின் சூடு தாங்கல டாக்டர், அதான் ஷார்ட்ஸ்"னு சொல்றாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

ரேடியேட்டர் இருக்கற வண்டில ஃபேன் தள்ளுற அனல்காத்து பெரும்பாலும் கால் மேலதான் வரும். வேகமா போகும்போது தெரியாது. லீவு நாள் சாயங்காலம் பரனூர் டோல்கேட்ல ஊர்ந்து பாருங்க, தெரியும்.

தோல் வெந்துபோக கொதிக்கிற சூடு தேவையில்லை. 44 டிகிரி செல்சியஸ் விடாம பட்டா சுமார் 6 மணி நேரம். 51 டிகிரின்னா சில நிமிஷமே போதும். அதனால "பழகிடுச்சு"ன்னு உட்கார்ந்திருக்கறது வீரம் இல்லைங்க. சுகர்ல கால் மரத்துப்போனவங்களுக்கு கொப்புளம் வந்த பிறகுதான் விஷயமே தெரியும். அவங்க சூடு கக்குற வண்டியை வாங்கவே வேண்டாம்னுதான் சொல்வேன். ஷோரூம்ல 5 நிமிஷ டெஸ்ட் ரைடு போதாது. மத்தியானம் டிராஃபிக்ல ஓட்டிப் பார்த்துட்டு காசு கட்டுங்க.

கனமான காட்டன் ஜீன்ஸ், இல்லன்னா ரைடிங் பேன்ட். பாலியஸ்டர் டிராக் பேன்ட் சைலென்சர்ல பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும் (அதை உரிச்சு எடுக்கறது எங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும்). வண்டி நின்னா எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. 40 டிகிரி வெயில்ல எதிர்காத்தும் அனல்தான், ஜாக்கெட்டைக் கழட்டாம உள்ள பனியனை நனைச்சுக்கங்க.

சுட்டுட்டா 20 நிமிஷம் குழாய்த் தண்ணி. பேஸ்ட் வேண்டாம். கூட வர்றவர் சம்பந்தமில்லாம உளறினா, தள்ளாடினா, அது கால் சூடு இல்ல, ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். நிழல்ல படுக்கவெச்சு உடம்பு முழுக்க தண்ணி ஊத்திக்கிட்டே 108-ஐ கூப்பிடுங்க.