மறந்துவிடு என்னும் மாமருந்து

"நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு, மகளே!"

நான்கே சொற்கள். காசு வேண்டாம், கல்வி வேண்டாம், கட்டடமும் வேண்டாம் இந்த மருந்துக்கு! பாட்டி தருகிறாள் அதனை. பக்கத்து வீட்டார் தருகின்றனர். பஞ்சாயத்துப் பெரியவர் தருகிறார். புகாரை எழுதி முடித்த ஏட்டையாவும் பேனாவை மூடியபடியே தருகிறார். கொடுமைக்கு ஆளானவள் மட்டும், "மறக்க முடியவில்லையே!" என்கிறாள். அந்தக் குரல் எவர் செவியிலும் ஏறுவதில்லை. மருந்து தவறு என்று சொல்ல மனம் வராதவர்கள், நோயாளிதான் தவறு என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர்.

பிறகு வருகிறது அடுத்த மருந்து. இரவில் அலறி எழுகிறாளா? காற்று, கருப்பு! உண்ண மறுக்கிறாளா? கண்ணேறு! ஆண் குரல் கேட்டால் நடுங்குகிறாளா? ஏதோ பிடித்திருக்கிறது! வேப்பிலை வருகிறது, தாயத்து வருகிறது, கறுப்புக் கயிறு வருகிறது, கையிருப்பு போகிறது. திருமணம் முடித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று சோதிடர் நாளும் குறித்துத் தருகிறார். அவளைச் சீரழித்தவனைப் பிடிக்காத பேய், அவளை மட்டும் பிடிப்பானேன், தோழர்களே? குற்றவாளியைக் கண்டால் அதற்கும் அச்சம் போலும்!

நகைப்பதற்காகச் சொல்லவில்லை. ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியபோது, மனநோய் தீருமென்று கொண்டுவந்து சங்கிலியால் கட்டப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டவர் 28 பேர். எந்தச் சமயத்தின் பெயரால் கட்டினால் என்ன? சங்கிலி இரும்புதான்.

உள்ளத்துக் காயமும் காயமே. இதை உலகம் ஒப்புக்கொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. முதல் உலகப்போரில், உடலில் பெருங்காயமின்றி நினைவும் பார்வையும் இழந்த வீரர்களைப் பற்றி, சார்லசு மையர்சு என்னும் மருத்துவர் 1915-இல் எழுதினார். பீரங்கி அதிர்ச்சி என்று அதற்குப் பெயர் வைத்தனர். படைத் தலைவர்களோ வேறு பெயர் வைத்திருந்தனர்: கோழைத்தனம்! களத்தைவிட்டு ஓடினர், கடமை தவறினர் என்று பிரிட்டன் தன் படைவீரர் 306 பேரைத் தானே சுட்டுக் கொன்றது. அவர்களுள் உள்ளம் நொறுங்கியோர் பலர். 2006-இல் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினர். கல்லறைக்கு மன்னிப்பு! ஏறத்தாழ 90 ஆண்டு ஆயிற்று, 'கோழை' என்ற சொல்லைத் திரும்பப் பெற.

வீரனுக்கே இந்தக் கதி என்றால் பெண்ணின் கதி என்ன? பாஸ்டன் நகர மருத்துவமனையில், ஆன் பர்கெசு என்னும் செவிலியரும் லிண்டா ஓம்சுட்ராம் என்னும் சமூகவியலாளரும், வல்லுறவுக்கு ஆளாகி வந்த பெண்களின் அருகிருந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே கேட்டனர். தூக்கமின்மை, திடுக்கிடல், அழைக்காமலே வந்து நிற்கும் நினைவு, அன்றைய வாசனை மூக்கில் பட்டாலே நடுங்கும் உடல் ஆகிய அனைத்தையும் தொகுத்து 1974-இல் வெளியிட்டனர். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் பட்டியலில் ஏற்றிக்கொண்டது. போர்க்களத்திலிருந்து மீண்ட வீரனுக்கும் பூட்டிய அறையிலிருந்து மீண்ட பெண்ணுக்கும் நோய் ஒன்றே என்று, 1992-இல் ஜூடித் எர்மன் என்னும் மருத்துவர் நூலெழுதி நிலைநாட்டினார். வேறுபாடு ஒன்றுதான்: வீரனுக்குப் பதக்கம் உண்டு, பெண்ணுக்குப் பழி உண்டு!

"ஏன் கத்தவில்லை?" நம் நாட்டில் முதற்கேள்வி இதுதானே? பூனையின் வாயில் அகப்பட்ட எலி அசைவற்றுக் கிடப்பதைப் பார்க்காதவர் உண்டோ? அச்சம் எல்லை மீறும்போது உடல் உறைந்துபோகும், நாக்கு எழாது. அது சம்மதம் அன்று. உயிர் பிழைக்க உடல் கண்ட வழி. ஆனால் காவல்நிலையத்திலேயே கொடுமைக்குள்ளான மராட்டியத்துப் பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று காரணம் காட்டி, 1978-இல் உச்சநீதிமன்றமே காவலர் இருவரை விடுவித்தது! சட்ட ஆசிரியர் நால்வர் அத்தீர்ப்பைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினர். மாதர் அமைப்புகள் வீதிக்கு வந்தன. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது.

நீதிபதிகளை மட்டும் நோவானேன்? நம் புராணீகர் காட்டிய வழி அது. ஏமாற்றியவன் இந்திரன், ஏமாந்தவள் அகலிகை. இந்திரனுக்கு ஆயிரம் கண், அகலிகைக்குக் கல்லுடம்பு! அவனோ மீண்டும் அமராவதிக்கு அரசன். அவளோ வழிப்போக்கரின் கால் படக் காத்துக் கிடந்தாள். இன்றும் கல்லாய்க் கிடக்கும் பெண்ணுக்கு எவருடைய காலும் வேண்டாம்; அருகமர்ந்து கேட்கும் காது வேண்டும்.

அந்தக் காதுக்கு உரியவரே மனநல ஆலோசகர். அறிவுரை கூறுபவர் என்று அவரை எண்ணிவிடாதீர். அறிவுரைக்கு நம் ஊரில் பஞ்சமா? "சொல், என்ன நடந்தது?" என்றுகூட அவர் தொடங்கமாட்டார். "இன்றிரவு எங்கே உறங்கப்போகிறாய்? அவன் அதே தெருவில்தான் இருக்கிறானா?" என்றே தொடங்குவார். பாதுகாப்பு முதலில். நடுக்கம் வரும்போது மூச்சைச் சீராக்கவும், பாதம் ஊன்றிய தரையை உணர்ந்து 'இது இன்று, அது அன்று' என்று பிரித்தறியவும் பழக்குவார். கதை பிறகு வரும், அவள் விரும்பும் நாளில், அவள் விரும்பும் அளவில். அதுவும் முன்பின்னாக, துண்டு துண்டாக வரும். முன்னுக்குப்பின் முரண் என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் எதைக் காட்டிக் கூண்டில் மிரட்டுவாரோ, அதுவே காயத்தின் அடையாளம் என்று அறிந்தவர் ஆலோசகர். கொடுமையின்போது அவளிடமிருந்து பறிக்கப்பட்டது 'முடியாது' என்று சொல்லும் உரிமை; முதலில் திருப்பித் தருவதும் அதைத்தான்.

இவ்வளவும் எங்கே நடைபெறுவது? பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளை நாம் அறிவோம். கூடத்தில் தறி; தறிக்குழியில் தந்தை; அருகே நூல் சுற்றும் தாய்; வாசலில் பாட்டி. தொழிற்கூடமும் அதுவே, உணவுக்கூடமும் அதுவே, படுக்கையறையும் அதுவே. ஆலோசகர் வந்தமர்ந்து, "பேசம்மா" என்றால் அந்தப் பெண் எப்படிப் பேசுவாள்? கொடுமை செய்தவன் பெரும்பாலும் தெரிந்தவன். உறவினன், அல்லது கூலியும் கடனும் கொடுப்பவன். அவன் பெயரைச் சொன்னால் அடுப்பு அணைந்துவிடும். அடுத்த வீட்டுச் சுவருக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு!

நெசவைப் பற்றிச் சொன்னோம், இன்னொன்றும் கேட்போம். பாவில் ஓர் இழை அறுந்தால் நம் நெசவாளர் என்ன செய்கிறார்? தறியை நிறுத்துகிறார், அறுந்த இடத்தைத் தேடுகிறார், பிணைக்கிறார், பிறகே நாடா ஓடுகிறது. "அறுந்தது அறுந்துவிட்டது, ஓட்டு!" என்று எந்தப் பட்டு முதலாளியாவது சொல்வாரா? சேலையில் கோடு விழும், விலை போகாது என்பது தெரியும் அவருக்கு. பட்டுக்குக் காட்டும் பரிவைப் பெண்ணுக்குக் காட்ட மறுப்பது என்ன நியாயம்?

வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 சூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் சீரழிக்கப்பட்டனர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே, அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 10 இலட்ச ரூபாய் வழங்க ஆணையிட்டது 2023 செப்டம்பர் 29-இல். அந்தப் பெண்களின் துணிவை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். உடன்நின்ற தோழர்களையும் போற்றுகிறோம். ஆனால் 31 ஆண்டுகள்! அதிகாரியிடம், புலனாய்வாளரிடம், வழக்கறிஞரிடம், நீதிபதியிடம் என்று அந்த ஒரு நாளை எத்தனை முறை வாழ்ந்திருப்பர் அவர்கள்! ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்து வீடு திரும்பிய அந்த இரவுகளுக்கு எந்தத் துறை பொறுப்பு?

2019-இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையில், 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. சாட்சிகளுள் ஒருவரும் பிறழவில்லை என்பது அந்த வழக்கின் சிறப்பு. பாதிக்கப்பட்டவர் தளராமல் நின்றால்தான் வழக்கும் நிற்கும். ஆகவே ஆலோசகர் வேலை 'ஆறுதல் வேலை' என்று இளக்காரம் பேசுவோர் உணரட்டும்: அது நீதியின் வேலையும்கூட.

சட்டத்தில் குறையா? இல்லை, சட்டம் அழகாகவே இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் வரலாகாது என்கிறது. குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு இழுக்கலாகாது என்கிறது. ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க முயலச் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு விதிகள், விசாரணை முழுவதும் உடன்வர ஓர் உதவியாளரை அமர்த்தச் சொல்கின்றன. அதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது என்று உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கூறியது. எம்போன்ற ஆசிரியர்க்கும் அச்சட்டம் கடமை விதித்திருக்கிறது: அறிந்தும் புகார் செய்யாவிட்டால் சிறை. சரியான விதிதான், வரவேற்கிறோம். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் காலை, வகுப்பின் கடைசி இருக்கையில் வந்து அமரும் அந்தக் குழந்தையை யாரிடம் அழைத்துச் செல்வது? இலக்கணம் நடத்தக் கற்றவர் நாம். காயம் ஆற்றக் கற்றவரல்லர்.

கற்றவர்களை நாடு எப்படி வைத்திருக்கிறது? ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் உண்டு. அங்கே பணிபுரிவோர்க்குத் தொகுப்பூதியம். ஒப்பந்தம் முடிந்தால் நாளை என்ன ஆகுமோ என்ற கவலை. மீள்வதற்கு ஆண்டுகள் ஆகும் காயத்துக்கு, மாதக்கணக்கில் ஆளை மாற்றும் மருத்துவம்! பாதிக்கப்பட்டவள் புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மேலும், கேட்பவரும் காயமுறுவார் என்பதை மெக்கான், பேர்ல்மன் என்னும் ஆய்வாளர் இருவர் 1990-இலேயே எழுதிவிட்டனர். பிறர் துயரத்தை நாளெல்லாம் கேட்பவர்க்கு அதே கனவு வரும். தன் குழந்தையை வெளியே அனுப்பவும் அஞ்சுவார். அவருக்கு ஓய்வும், வழிகாட்டும் மூத்தவரும், நிலையான ஊதியமும் வேண்டும். சேவை, தியாகம், புண்ணியம் என்று மாலை போட்டுவிட்டால் போதுமா? மாலையைச் சமைக்க முடியுமா?

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாது" என்பர் பழமைப்பிரியர். கடல் கடந்து அமெரிக்கா போகவேண்டாம். யாழ்ப்பாணம் போய்ப் பார்க்கட்டும். போர் நடுவே, குண்டு விழும் ஊரில் மனநல மருத்துவராகப் பணியாற்றினார் தயா சோமசுந்தரம். போர் உள்ளங்களில் விட்ட வடுக்களைப் பற்றி 1998-இல் நூலும் எழுதினார். விரல்விட்டு எண்ணத்தக்க மருத்துவர்களால் ஓர் இனத்தின் காயத்தை ஆற்ற இயலாது என்று கண்டு, அவரும் தோழர்களும் ஆசிரியர்க்கும் சிற்றூர்ப் பணியாளர்க்கும் பயிற்சி அளித்தனர். 'சாந்திகம்' என்னும் நிலையம் அப்பணியில் தோள்கொடுத்தது. நல்ல தமிழ்ச் சொல்லும் பிறந்தது அங்கே: உளவளத்துணை! நாம் இன்னும் 'கவுன்சிலிங்' என்கிறோம். கல்லூரியில் இடம் பிடிப்பதற்கும் அதே பெயர், கண்ணீர் துடைப்பதற்கும் அதே பெயர்!

பணமில்லை என்பர் அடுத்து. குடமுழுக்குக்குக் குறையாத பணம், தேருக்குத் திரளும் பணம், இதற்கு மட்டும் ஏன் ஓடி ஒளிகிறது? நாம் கேட்பது மாளிகையன்று. வட்டத்துக்கு ஒரு நிலையான உளவளத்துணையாளர். மருத்துவமனையில் ஓர் அறை. 'மனநோய்ப் பிரிவு' என்று வாசலில் எழுதாத அறை. கதவைச் சாத்தினால் பேச்சு வெளியே போகாத அறை. அவ்வளவே.

படிப்பகத்தில் கூடும் இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உதவியாளர்களின் பெயர்ப் பதிவேட்டை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் வில்லை ஒட்டுங்கள். நம் மாவட்டப் பதிவேட்டில் எத்தனை பெயர், அவர்களுள் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், சென்ற ஆண்டில் எத்தனை குழந்தைகளுக்கு அவர்கள் அமர்த்தப்பட்டனர் என்று கேளுங்கள். 30 நாளில் விடை வரவேண்டும். வந்த விடையைப் படிப்பகப் பலகையில் எழுதி வையுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதை எழுதி வையுங்கள்.