வீழ்ச்சியிலும் விலகாத இறைவன்



புதிதாகக் கடையொன்று திறக்கப்படும் நாளில் நமது குடும்பங்களில் நிலவும் மகிழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். வாசலில் வாழை கட்டி, சுவரில் திரு இருதய ஆண்டவரின் படத்தை மாட்டி, பங்குத்தந்தையை அழைத்துத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்கச் செய்கிறோம். அந்தக் கடைக்குள் தாயின் தாலிக்கொடி அடகிருக்கிறது; தந்தையின் சேமலாப நிதி இருக்கிறது; வங்கிக் கடனும் இருக்கிறது. "கடவுளை நம்பித்தான் தொடங்குகிறேன்" என்று மகன் சொல்லும்போது பெற்றோரின் கண்கள் கலங்குகின்றன.

ஈராண்டுகள் கழிகின்றன. கடனுக்குக் கொடுத்த பொருளுக்குப் பணம் வந்து சேரவில்லை. வட்டி ஏறுகிறது. ஒருநாள் கடை பூட்டப்படுகிறது. அதன் பின்னர், ஞாயிறு திருப்பலியில் அந்த இளைஞன் வழமையாக அமரும் இடமும் வெறுமையாகிறது.

ஏன் என்று நாம் சிந்தித்ததுண்டா? ஆலய முற்றத்தில் தனக்காகக் காத்திருக்கும் கேள்விகளுக்கு அவன் அஞ்சுகிறான் என்பது ஒரு காரணம். அதனிலும் ஆழமான காரணம் அவனது உள்ளத்தில் இருக்கிறது. "நான் செபித்தேனே, காணிக்கை செலுத்தினேனே, பின்னர் இறைவன் ஏன் என்னைக் கைவிட்டார்?" என்ற வினா அவனை வாட்டுகிறது. இவ்வினாவுக்கு விடை காணாமல் நாம் அவனைக் கடந்து செல்வது நீதியாகாது.

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்வோம். 2019இல் உயிர்ப்பு ஞாயிறு தாக்குதல்கள், 2020இல் கொரோனா முடக்கம், 2022இல் பொருளாதார நெருக்கடி என நமது நாடு அடுத்தடுத்துப் பேரிடிகளைச் சந்தித்தது. அக்காலத்தில் தளர்ந்துபோன சிறு தொழில்கள் யாவும் உரிமையாளரின் பாவத்தினாலோ, செபக் குறைவினாலோ தளர்ந்தவை என்று சொல்லத் துணிபவர் யார்? ஆயினும் நம்மிடையே அவ்வாறு சொல்வோர் இருக்கவே செய்கின்றனர். துன்புற்ற யோபுவின் அருகே அமர்ந்து, அவருடைய இழப்புக்கு அவர் பாவமே காரணம் என வாதிட்ட நண்பர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அந்நண்பர்கள் மீதே இறைவன் இறுதியில் சினங்கொண்டார் என்பதை யோபு நூலின் முடிவில் நாம் வாசிக்கிறோம்.

அவ்வாறாயின் முன்னேற வேண்டும் என்ற வேட்கைதான் தவறா? அதுவும் அன்று. ஆண்டவர் கூறிய தாலந்து உவமையில் தலைவரின் கண்டனத்துக்கு உள்ளானவன் வாணிபம் செய்து நட்டமடைந்தவன் அல்லன். நட்டத்துக்கு அஞ்சித் தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவனே. முயல்வது விசுவாசத்துக்கு முரணானதன்று. செபத்தை முதலாக இட்டு, இலாபத்தை வட்டியாக எதிர்பார்ப்பதே முரணானது. அவ்வாறு எதிர்பார்ப்பவன், கணக்குப் பிழைக்கும் நாளில் இறைவனையும் கடனாளியாகக் கருதத் தொடங்கிவிடுகிறான்.

இவ்விடத்தில் ஒரு தாயை நினைவுகூர விரும்புகிறோம். கரங்களில் சிலுவையையும் ரோசா மலர்களையும் ஏந்தி நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்க இல்லம் இல்லை எனலாம். ஆனால் அவருடைய தாய் செலி மார்ட்டின் ஒரு தொழில் முயற்சியாளர் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

1831இல் பிரான்ஸ் நாட்டில் பிறந்த செலி, அருட்சகோதரியாகி நோயாளருக்குப் பணியாற்ற விரும்பினார். மடத்தின் தலைவி அவரை ஏற்கவில்லை. மூடிய கதவின் முன்னே அவர் முடங்கிப் போகவில்லை. அலென்சோன் நகரின் புகழ்பெற்ற கைத்தொழிலான ரேந்தைப் பின்னலைக் கற்றார். நமது பிள்ளைகளின் முதல் நன்மை ஆடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கிறோமே, அத்தகைய லேஸ்தான் அது. ஆனால் முழுவதும் ஊசியாலேயே, மிக நுண்மையாகச் செய்யப்படுவது. 1853இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, செலி சொந்தமாகத் தொழிலைத் தொடங்கினார். பெண்கள் தத்தம் வீடுகளிலிருந்து பின்னிக் கொடுத்த துண்டுகளை, தையல் தெரியாதவாறு ஒன்றிணைக்கும் கடினமான வேலையைத் தாமே செய்தார்.

1858இல் அவரைக் கரம்பிடித்த லூயி மார்ட்டினும் ஏமாற்றத்தை அறிந்தவரே. இலத்தீன் மொழி அறியாத காரணத்தால் துறவு மடத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் கடிகாரத் தொழிலாளரானார். கிராமத்தவர் நகருக்கு வரும் ஞாயிறு நாளில் பக்கத்துக் கதவையாவது திறந்து வைக்கலாம் என ஆலோசனை கூறப்பட்டபோதும், அவர் கடையைத் திறக்க மறுத்தார். இருவரும் நாள்தோறும் காலை ஐந்தரை மணித் திருப்பலியில் பங்கேற்றனர்.

ஆகவே தொழில் தடையின்றிச் செழித்தது என்று முடித்துவிடலாமா? செலி எழுதியவற்றுள் எஞ்சியுள்ள இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. வேலை குவியும்போது தாம் அதற்கு அடிமையாகிவிடுவதாக அவர் முறையிடுகிறார். வேலை குறையும்போதோ இருபதினாயிரம் பிராங் பணம் முடங்கிக் கிடக்கிறது. அரும்பாடுபட்டுத் தேடிக்கொண்ட தொழிலாளரைப் பிற உற்பத்தியாளரிடம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்நினைவு கெட்ட கனவாகத் தம் உறக்கத்தையும் கெடுக்கிறது என்று எழுதுகிறார். நாள்தோறும் நற்கருணை ஆண்டவரின் திருமுன் நின்ற ஒருவரின் சொற்கள் இவை! கவலையுற்ற இரவுகள் விசுவாசமின்மையின் அடையாளம் அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1870ஆம் ஆண்டில் லூயி தமது கடிகாரக் கடையை விற்று, மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். அதே ஆண்டில் அவர்கள் இரு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தனர். அதே ஆண்டில் போரும் மூண்டது. ரேந்தை வாங்குவோர் குறைந்தனர். பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். செலியும் 1877இல் மார்பகப் புற்றுநோயால் தமது நாற்பத்தைந்தாவது வயதில் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு வயது நான்கு. இத்தம்பதியரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஒக்டோபர் 18ஆம் திகதி புனிதர்களாக உயர்த்தினார்.

வணிகம் வளர்ந்ததனால் செலி புனிதராகவில்லை. அது தளர்ந்ததனால் புனிதம் குன்றவும் இல்லை. நோயுற்ற தொழிலாளரை வீடு தேடிச் சென்று பார்த்த இரக்கமும், அச்சத்தை மறைக்காமலே பணியைத் தொடர்ந்த துணிவும், வளத்திலும் வறட்சியிலும் மாறாத திருப்பலியும் அவரைப் புனிதராக்கின. இறைவன் பார்க்கும் கணக்கேடு இதுவே. நட்டத்தின் நாளிலும் இதில் வரவு வைக்க முடியும்.

தோல்வியுற்ற இளைஞனே, இளம் பெண்ணே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நிலுவையை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். கடன் தந்தவரைக் கண்டு வழி மாறிச் செல்லாதீர்கள். விசுவாசம் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. அதைச் சிறிது சிறிதாக, நேர்மையாகத் தீர்க்கும் மன உறுதியைத் தருகிறது. உங்கள் கீழ் வேலை செய்தவரின் சம்பளம் நிலுவையில் இருந்தால் அதை முதலில் கொடுங்கள். எதில் தவறினோம் என்று தாழ்மையோடு ஆராயுங்கள். ஆனால் உங்கள் கடையின் முடிவை உங்கள் வாழ்வின் முடிவாகக் கொள்ளாதீர்கள்.

பெற்றோரே, "அன்றே வெளிநாடு போயிருந்தால்" என்ற பேச்சை உங்கள் உணவு மேசையிலிருந்து அகற்றுங்கள். இரவுச் செபமாலையில் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். அவன் காதில் விழும்படியாகவே செபியுங்கள். தான் குற்றவாளியாக அன்றி, மகனாகவே நினைக்கப்படுகிறான் என்பதை அவன் உணரட்டும்.

பங்கு மக்களே, கடை திறந்த அன்று நாம் அனைவரும் சென்றோம். சிற்றுண்டி அருந்தி வாழ்த்தினோம். கடை மூடிய அன்று சென்றவர் எத்தனை பேர்? வருகின்ற ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்போது, வெறுமையான அந்த இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் அந்த வீட்டுப் படலையில் நின்று ஒருமுறை கூப்பிடுங்கள். கடையைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். "வா தம்பி, பூசைக்கு நேரமாகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். விலகாத இறைவன் அவனைத் தேடிச் செல்வது பெரும்பாலும் நம் கால்களாலேதான்.