பிறநாட்டுக் கல்வியும் பிறர் வீட்டு மொழியும்

நம் கல்லூரியிற் பயின்று வெளிப்போந்தோருள் உயர்கல்வியின் பொருட்டு மேனாடு செல்வார் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. இது மகிழ்தற்குரியதே. ஆயினும், சென்றவர் எதனைக் கற்று மீண்டனர் என வினவுவார் அரியர். பட்டம் யாது, ஊதியம் எவ்வளவு என்னும் இரண்டு வினாக்களோடு உற்றாரும் ஊராரும் அமைதியடைகின்றனர். ஸ்பெயின் தேசத்தின் வடகரையிலுள்ள பில்பாவோ நகரில் ஈராண்டு பயின்று மீண்ட எம்மை, ஆங்குப் பெற்ற அனுபவங்களை எழுதுமாறு இம்மலரின் ஆசிரியர் பணித்தனர். கண்ட காட்சிகளை வரிசைப்படுத்துதல் எம் கருத்தன்று. அவ்வீராண்டும் எமக்குணர்த்திய உண்மையொன்று உண்டு. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். வேற்று நாட்டிற்குக் கற்கச் செல்வோர், அந்நாட்டார் தம் வீட்டினுள் வழங்கும் மொழியைக் கல்லாது மீள்வராயின், அவர் பெற்ற கல்வி அரைக்கல்வியே என்பதே அது.

யாம் பிறந்து வளர்ந்தது புதுவையில் கடலையொட்டிய குருசுக்குப்பம். பிரெஞ்சியர் ஆட்சி 1954-இல் நீங்கிய பின்னரும் பாரீசு மாநகர் எம்மூரார்க்கு அயலூராகத் தோன்றுவதில்லை. பிரெஞ்சுப் படையில் ஊழியம் புரிந்த ‘சொல்தா’க்களின் குடும்பங்களை அறியாதார் புதுவையில் இலர். ஆதலின் யாம் ஸ்பெயினுக்குச் செல்வதறிந்த அண்டை வீட்டு ஆயா, “பாரீசுக்கு இல்லையா? அந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கவலையுற்றார்.

யாம் சென்றது கடற்கரைக் காப்புப் பொறியியல் பயிலுதற்கு. அதற்குக் காரணம் எம் வாயிலிலேயே இருந்தது. 1980-களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்தின் பொருட்டு இரண்டு கல்லணைகள் கடலுள் நீட்டப்பெற்றன. அதன்பின் அவற்றின் வடபாலுள்ள கரைகளிற் கடல் மணலை வாரிச் சென்றது. எம் தந்தையார் இளமையில் வலையுலர்த்திய மணற்பரப்பை யாம் கண்டதில்லை. யாம் கண்டது கருங்கற் குவியலே. அம்மணல் எங்கே போயிற்று என்னும் வினாவே எம்மைக் கடல் கடக்கச் செய்தது.

பில்பாவோ சேர்ந்த முதல் நான்கு திங்களும் வீணாயின என்று கூறுதற்கு நாணுகின்றோம். பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. உடன் உறைந்தோர் நால்வரும் இந்தியரே. சமைத்ததும் சோறு, பேசியதும் ஊர்ப்பேச்சு. கடைக்குச் சென்றால் கைபேசி எமக்காகப் பேசிற்று. அந்நாட்டில் ‘சிரிமிரி’ என வழங்கும் நுண்ணிய தூறல் நாள்முழுதும் பெய்துகொண்டிருக்கும். யாம் சன்னலுக்கு உட்புறமிருந்து அதனைப் பார்த்திருந்தோம்.

ஒருநாள் மாலை உடன் பயில்வோர் எண்மர் எம்மைச் சிற்றுண்டிச் சாலைக்கு அழைத்துச் சென்றனர். அவர்தம் மொழியில் வேடிக்கை பேசி நகைத்துக்கொண்டிருந்தனர். யாம் விழிப்பதைக் கண்ட ஒருவர், விருந்தினரைப் போற்றும் பண்பால் ஆங்கிலத்துக்கு மாறினார், ஏனையோரும் மாறினர். ஐந்து நிமிடத்திற் பேச்சு வற்றிப்போயிற்று. எம் ஒருவர் பொருட்டு எண்மரின் நகை அடங்கியதே என்று அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் எமக்கு இடமளித்தனர். அவ்விடத்தில் அமரும் தகுதியை யாம் தேடிக்கொள்ளவில்லை.

அடுத்த திங்களே நண்பரிடம் விடைபெற்று, பில்பாவோவிலிருந்து இருப்புப்பாதை வழியே சென்றடையும் பெர்மேயோ என்னும் மீன்பிடி ஊரில், கடற்றொழிலாளர் ஒருவரின் கைம்பெண்ணாகிய மூதாட்டியின் வீட்டிற் குடியேறினோம். நாள்தோறும் இரயிலிற் செலவாகும் நேரத்தை மொழி பயிலுதற்கு ஒதுக்கினோம். முதலிற் கற்றது ஸ்பானிய மொழி. வீட்டுப் பொருள்களின் பெயர்களைக் கேட்கத் தொடங்கிய நாளில் எமக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. ‘மேசா’ என்றார்; அது நம் மேசை. ‘அர்மாரியோ’ என்றார், அது நம் அலமாரி. போர்த்துக்கேயர் வாயிலாகத் தமிழிற் குடிபுகுந்த சொற்களின் உடன்பிறந்தாரையே யாம் ஆங்குச் சந்தித்தோம். எம்மூர்ப் பெயரில் உள்ள ‘குருசு’ என்னும் சொல்லும் அவ்வாறு வந்ததே.

ஆனால் அம்மூதாட்டி தம் மகளோடு பேசிய மொழி வேறு. அஃது எவுஸ்கரா எனப்படும் பாஸ்க்கு மொழி. ஐரோப்பாவில் அதற்கு இனமொழி ஒன்றேனும் இல்லை. உலகில் வேறெம்மொழியோடும் அதற்குரிய உறவு இதுகாறும் நிறுவப்படவில்லை. அதன் அமைப்போ தமிழறிந்தார்க்கு எளிதில் விளங்குவது. ‘எச்சே’ என்றால் வீடு, ‘எச்சேயான்’ வீட்டில், ‘எச்சேரா’ வீட்டிற்கு, ‘எச்சேட்டிக்’ வீட்டிலிருந்து. வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னே ஒட்டி வருகின்றன. ஆங்கிலம் வழியாக அதனைக் கற்பார் இடர்ப்படுவர். தமிழ் வழியாகக் கற்ற யாம் அத்துணை இடர்ப்படவில்லை. தாயை ‘ஆமா’ என்பர். அப்பகுதியிற் பாட்டியை ‘அமாமா’ என்பர். அன்று தொட்டு யாம் அம்மூதாட்டியை அமாமா என்றே அழைத்தோம். ஒலியொப்புமை கொண்டு இரண்டும் ஒரு குலமெனத் துணிவது பேதைமை. தாயைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளில் ஒத்தொலிக்கும். உறவு மொழிகளுக்கில்லை, ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்க்கு உண்டு.

அம்மேசையில் யாம் கற்றவை பல. எம்மூரில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன்பிடித் தடை நிகழ்வதை யாம் கூறினோம். அவர், தம் கடலில் நெத்திலியினம் அருகிப்போனமையால் 2005 முதல் 2010 வரை நெத்திலி பிடித்தலே நிறுத்தப்பட்டதையும், அக்காலத்தைத் தம் தெரு எவ்வாறு கடந்தது என்பதையும் கூறினார். நூலில் யாம் படித்த புள்ளிவிவரம் அன்று ஒரு குடும்பத்தின் வரலாறாயிற்று.

ஒருநாள் அவர் தம் தலைமகனைப் பற்றிக் கூறியது எம் நெஞ்சை விட்டகலாது. பிராங்கோவின் சர்வாதிகாரம் 1939 முதல் 1975 வரை நடந்தது. அக்காலத்தில் பாஸ்க்கு மொழி பள்ளியினின்றும் அலுவலகத்தினின்றும் விலக்கப்பட்டிருந்தது. பள்ளியில் அம்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பெற்ற சிறுமியருள் அவரும் ஒருவர். அவ்வச்சத்தால் தம் முதல் மகனுக்கு அவர் தாய்மொழியைக் கற்பிக்கவில்லை. பின்னர் 1979-இல் அம்மொழி அப்பகுதியின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. பின்பிறந்த மகள் அதனைப் பள்ளியிலேயே கற்றார். இன்று அங்கே பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் பொறியியலும் பாஸ்க்கு மொழியிற் பயிலலாம். மகனோ திருநாள்தோறும் வீட்டிற்கு வந்து, தாயும் தங்கையும் தங்கையின் மக்களும் பேசுவதை விளங்காது கேட்டிருந்து செல்கின்றார். “அவனுக்கு நல்லதே செய்தேன் என்று நினைத்தேன்,” என்றார் அமாமா.

அவ்விரவு எம் தாயாரை நினைத்தோம். யாம் என்ன படிக்கின்றோம் என அமாமா வினவியபொழுது, அரைகுறை ஸ்பானியத்தில், உப்பையும் கரண்டியையும் கொண்டு மணல் நகரும் முறையை விளக்கியிருந்தோம். எம் தாயார் அதே வினாவை எத்தனையோ முறை வினவியதுண்டு. “அது உனக்குப் புரியாதம்மா” என்பதே யாம் அளித்த விடை. எவரும் எம் தாய்மொழியைத் தடை செய்யவில்லை. எம்மை எவரும் தண்டிக்கவில்லை. ஆயினும் எம் கல்விக்கும் எம் வீட்டிற்குமிடையே ஒரு சுவரை யாமே எழுப்பியிருந்தோம்.

பழைய செய்தியொன்றை ஈண்டு நினைவூட்டுதல் தகும். தமிழ்நாட்டார் சவேரியார் என வழங்கும் பிரான்சிசு சேவியர், 1506-இல் வடஸ்பெயினைச் சார்ந்த நவார் நாட்டிற் பிறந்தவர். 1525-இல் பாரீசுக்குக் கற்கச் சென்ற வெளிநாட்டு மாணாக்கர். அவர்தம் சமயப்பணி ஈண்டு எம் பொருளன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், 1544 சனவரியிற் கொச்சியிலிருந்து வரைந்த மடலில், அம்மக்களின் இயல்பான மொழி மலபார் என்றும், தம் மொழி பாஸ்க்கு என்றும், ஆதலால் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள இயலவில்லை என்றும் குறிக்கின்றார். ஐரோப்பியர் அந்நாளில் மலபார் என்றது தமிழையே. இருமொழியும் அறிந்தாரைத் திரட்டிப் பலநாள் உழைத்து, வேண்டிய பகுதிகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்த பின்னரே அவர் ஊரூராகச் சென்றார். பாரீசிற் பட்டம் பெற்றுக் கற்பித்த ஒருவர், கடற்கரைச் சிறுவரோடு சேர்ந்து சொற்களை உருப்போட நாணவில்லை. அவர்தம் தோழராகிய இஞ்ஞாசியாரும் பாஸ்க்கு நாட்டவரே. முப்பது வயது கடந்தபின் பார்சலோனாவிற் சிறுவரோடமர்ந்து இலத்தீன் பயின்றவர். சேவியர் என்னும் பெயர் ‘எச்சே பெர்ரி’, அதாவது புது வீடு, என்னும் பாஸ்க்குச் சொற்களின் திரிபு. புதுச்சேரியிற் சவரிமுத்து, சவரிராயன் என்றெல்லாம் பெயர் பூண்டார் தம் பெயரினுள் ஒரு பாஸ்க்கு வீடு இருப்பதை அறியார்.

ஈராண்டு கழிந்து ஊர் திரும்பியதும், யாம் செய்த முதற்காரியம் தாயாரையும் தந்தையாரையும் திண்ணையில் அமர்த்தி, யாம் கற்றதைத் தமிழிற் கூறியதே. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன, கல்லணை அதனைத் தெற்கே தடுத்து விடுகின்றது, வடகரை தனக்குரிய மணலைப் பெறாது கரைகின்றது என்று விளக்கினோம். தந்தையார் பொறுமையாகக் கேட்டிருந்து, “தெண்டியைத்தானே சொல்கிறாய்?” என்றார். தெற்கினின்று வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி. வடக்கினின்று தெற்கே வருவது வன்னி. எந்தத் திங்களில் எது வலுக்கும், எக்காற்றில் எது மாறும் என்று அவர் ஒருமணி நேரம் பாடம் நடத்தினார். கடல் கடந்து யாம் தேடிய நூலின் ஓர் அதிகாரம் எம் திண்ணையிலேயே இருந்தது. பெர்மேயோவில் பிறர் வீட்டு மொழியைக் கற்றிராவிடின், எம் வீட்டு மொழியில் அறிவுண்டு என்பதை யாம் உணர்ந்திரோம்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். ஆங்கிலமே போதும் என்பர் சிலர். வகுப்பறைக்குப் போதும், வகுப்பறைக்கு வெளியேதான் நாடு இருக்கின்றது. நேரமில்லை என்பர் சிலர். நாளொன்றுக்கு ஒருமணி நேரம் கைபேசிக்கு அளிக்க இயல்வார்க்கு மொழிக்கும் அளிக்க இயலும். கைபேசியே மொழிபெயர்க்குமே என்பர் வேறு சிலர். அது சொல்லின் பொருளைத் தரும். விருந்தில் ஓரிடத்தைத் தராது. பத்து இலட்சம் பேரும் பேசாத சிறுமொழியால் யாது பயன் என்பாரும் உளர். இவ்வினாவைத் தமிழராகிய நாம் எழுப்புதல் தகாது. நம் மொழியைப் பற்றியும் இங்ஙனமே வினவுவார் உலகில் உளர் என்பதை மறத்தலாகாது.

ஆதலின் வெளிநாடு செல்லவிருக்கும் மாணாக்கர்க்கு யாம் கூறுவன மூன்று. புறப்படுதற்கு ஆறு திங்கள் முன்னரே அந்நாட்டு மொழியைத் தொடங்குக. நம்மவரோடு மட்டும் உறையாது, இயன்றவரை அந்நாட்டார் குடும்பமொன்றில் தங்குக. திங்களுக்கொரு முறையேனும், கற்றதைத் தமிழில் எழுதி வீட்டார்க்கு அனுப்புக. எழுத இயலாத பகுதி இன்னும் விளங்காத பகுதி என்றறிக. ஆசிரியப் பெருமக்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்று: மீண்டு வரும் பழைய மாணாக்கரைக் கல்லூரி மண்டபத்தில் தமிழிற் பேசச் செய்க, அவர்தம் பெற்றோரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துக.

இறுதியாக நம் எல்லோர்க்கும் உரியதொன்று. நம் புதுவைக்கும் வேற்று மாநிலத்தாரும் வேற்று நாட்டாரும் கற்க வருகின்றனர். அவரைக் கண்டதும் ஆங்கிலத்தில் விடையளித்து அனுப்புதல் உபசாரமென்று எண்ணுகின்றோம். அன்று அவ்வெண்மர் எமக்குச் செய்த உபசாரமும் அத்தகையதே. அதனினும் மேலான உபசாரத்தைச் செய்தவர், ‘மேசா’ என்று மேசையைத் தட்டிக் காட்டிய அமாமாவே. நம் வீட்டிற்கு வருவாரை நாமும் நம் மேசைக்கு அழைத்து, தட்டிக் காட்டி, தமிழ்ச்சொல் ஒன்றைச் சொல்லிக்கொடுப்போமாக.