சிற்றுருவும் மெய்யுருவும்

எமது கல்லூரியின் யூபிலிக் கொண்டாட்டத்தையொட்டி நடைபெறவிருக்கும் கண்காட்சிக்கெனக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் பெரும் பொதியொன்றை அனுப்பிவைத்தார். அதனுள்ளே, பிளாஸ்ரிக்கில் வார்த்தெடுத்த உறுப்புக்களை ஒட்டிச் சேர்த்து உருவாக்கும் மாதிரியுருப் பெட்டிகள் பன்னிரண்டு இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இராணுவ உலங்கு வானூர்திகள். எம்மூரார் வாயில் இஃது என்றும் ‘ஹெலி’ தான். ஆயினும் கலைச்சொல்லாக்கியோர் தந்த பெயரையே ஈண்டு ஆளுகின்றோம். கைப்பணிக் கழகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றமையால், அப்பொறுப்புத் தமிழாசிரியராகிய எம்மை வந்தடைந்தது. இயந்திரங்களைப் பற்றி யாம் அறிந்ததெல்லாம் துவிச்சக்கர வண்டியின் சங்கிலி கழன்றால் மாட்டுமளவே.

அவ்வாறிருக்க, ஒரு நாள் மாலை பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் எம்மிடம் வந்து, “சேர், இது பிழை” என்றான். அவன் கையில் அரைகுறையாக ஒட்டப்பட்ட மாதிரியுருவொன்றும் அடிமட்டமும் இருந்தன. பெட்டியின் மேலட்டையிலே இரட்டை இயந்திரம் பூண்ட வகையின் படம் வரையப்பட்டிருந்தது. உள்ளே வந்த வழிகாட்டித் தாளோ வாற்சுழலியை இடப்பக்கத்திற் பொருத்துமாறு பணித்தது. “வலப்பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்? மேற்சுழலியும் குறுகிவிட்டது, எட்டு அங்குலம் இருக்க வேண்டியது ஏழே கால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் நிற்கிறது” என்று அவன் அடுக்கினான். அருகிலிருந்த ஆசிரிய நண்பர் ஒருவர், விரற்கடைப் பொருளை எந்தப் பக்கம் ஒட்டினாலென்ன, பார்ப்பவருக்குத் தெரியவா போகிறது என்று கூறிச் சிரித்தார். யாமும் சிரித்தோம். அச்சிரிப்பைப் பற்றிப் பின்னர் வெட்கமுற்றமையாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மாணவன் சொன்னதை ஆராய்ந்தபோது யாம் அறிந்தவை பின்வருவன. ‘ஹியூயி’ என்று போர்வீரர் அழைத்த பெல் கொம்பனியின் உலங்கு வானூர்தி தனியொன்றன்று. அஃது ஒரு குடும்பம். வியட்நாம் போரிற் பேர்பெற்ற இக்குடும்பத்தில் யூஎச்-1பி என்பது குட்டையானது. அதன் மேற்சுழலியின் விட்டம் 44 அடி. பின்னர் வந்த யூஎச்-1டி, யூஎச்-1எச் ஆகியவற்றின் உடல் 41 அங்குலம் நீட்டப்பட்டது. சுழலியின் விட்டம் 48 அடியாயிற்று. பக்கக் கதவிலே ஒரு சாளரம் இருந்த இடத்தில் இரண்டு வந்தன. அதன் பின் வந்த பெல் 212, இராணுவப் பெயரில் யூஎச்-1என், இரு சுழலி இயந்திரங்களை இணைத்துப் பூண்டது. ஆகவே புகைபோக்கி வாய்கள் இரண்டு. வாற்சுழலியோ வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. இதே மாற்றம் 1967 இல் வியட்நாமுக்குச் சென்ற ஏஎச்-1ஜி ‘கோப்ரா’ விலும் நிகழ்ந்தது: தொடக்கத்தில் இடப்பக்கம் இருந்த வாற்சுழலி, பிற்பட்ட வானூர்திகளில் வலப்பக்கம் பெயர்ந்தது. ஆதலின் கோப்ராவைச் செய்யப் புகுவோன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இஃது எந்த ஆண்டின் வானூர்தி என்பதாம். ஆண்டு தெரியாமற் பக்கம் தெரியாது.

இனி அளவுத்திட்டம். 1/72 என்பது ஓரங்குலத்துக்கு ஆறடி. எனவே 48 அடிச் சுழலி துல்லியமாக எட்டு அங்குலம் ஆதல் வேண்டும். 44 அடிச் சுழலி ஏழேமூன்றிலொரு பங்கு அங்குலம். மாணவன் அளந்தது இரண்டாவதையே! நெடிய உடலுக்குக் குட்டையானதன் சுழலியைச் சூட்டியிருந்தனர். அப்பெட்டியை விற்ற கொம்பனியின் பெயரை ஈண்டு விடுத்தோம். அது செய்தது அத்துறையில் அரிதான காரியமுமன்று.

ஏனெனில், உருக்கு அச்சொன்றை வெட்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. வெட்டிய அச்சை எத்தனை ஆண்டாயினும் பயன்படுத்தலாம்; வேறு கொம்பனிக்கு விற்கலாம்; இரண்டு உறுப்புக்களை மட்டும் புதிதாகச் சேர்த்து, மேலட்டைப் படத்தை மாற்றி, வேறொரு வகையென்று சந்தைக்கு விடலாம். அட்டை புதிது, அச்சுப் பழையது. தமிழ் படித்தோர்க்கு இது புதினமன்று. ஏடு பெயர்த்தெழுதியோன் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினான். அவனைப் பார்த்து எழுதியோன் அப்பிழையையும் பக்தியோடு எழுதினான். மூன்றாமவன் அப்பிழைக்கு உரையும் கண்டான். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிய உழைப்பை வகுப்பில் எத்தனையோ முறை விதந்து பேசியுள்ளோம். அப்பேச்சைக் கேட்ட மாணவன் ஒருவன் புகைப்படத்தையும் வழிகாட்டித் தாளையும் ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு வந்தபோது, அவனைப் பார்த்துச் சிரித்தோமே! அதுவே எம்மை உறுத்தியது.

பிழையெல்லாம் ஒரு தன்மையன அல்ல. அறியாமையால் நேர்ந்த பிழையைப் பொறுக்கலாம். சோவியத் நாட்டின் எம்ஐ-24 ஐ எடுத்துக்கொள்வோம். பனிப்போர்க் காலத்தில் மேலைநாட்டார் அதனை அணுகி அளக்க வழியில்லை. தொலைவிலிருந்து எடுத்த மங்கற் புகைப்படங்களே ஆதாரம். அதன் உடல் சுழலியின் அச்சோடு நேராக நில்லாமல் ஏறத்தாழ 2½ பாகை இடப்புறம் சாய்ந்தது. முன்னிருந்து பார்த்தால் ஒரு தோளை இறக்கி நிற்பவன் போலத் தோன்றும். இச்சாய்வைக் காட்டாது நேராக நிமிர்த்தி வைத்த மாதிரியுருக்கள் பல. இதனினும் வேடிக்கையானதொன்று வானூர்தித் துறையில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் கரந்து செல்லும் போர்விமானத்தை எவரும் காணாத 1986 இல், ரெஸ்ரர்ஸ் என்னும் கொம்பனி ‘எஃப்-19’ எனப் பெயரிட்டு அதன் மாதிரியுருவை வெளியிட்டது. அது வளைவும் வழுவழுப்புமாய் இருந்தது. 1988 இல் மெய்யான எஃப்-117 இன் படம் வெளிவந்தபோது, அது கல்லைச் செதுக்கினாற்போலத் தட்டையான முகங்களைக் கொண்டிருந்தது. ஊகத்தைக் குறைகூறோம். ஆயின் இன்று அருங்காட்சியகங்களில் இவ்வானூர்திகள் நிற்கின்றன; மாணவன் கைத்தொலைபேசியிலேயே நூறு படங்கள் உள. இன்றும் சுழலியை மாற்றிப் போடுவது அறியாமையன்று, சோம்பல்.

பள்ளிச் சிறுவர் கைவேலையில் இத்துணைத் துல்லியம் ஏன் என்பார்க்கு ஒரு வரலாறு சொல்வோம். 1942 இல் அமெரிக்கக் கடற்படை தன்னாட்டுப் பாடசாலை மாணவரிடமே 5 இலட்சம் விமான மாதிரியுருக்களை மரத்திற் செதுக்கித் தருமாறு வேண்டியது. அளவு 1/72. முப்பத்தைந்தடி தொலைவில் நின்று அதனைப் பார்ப்பது, மெய்யான விமானத்தை அரை மைல் தொலைவிற் பார்ப்பதற்கு ஒப்பாகும். நட்பு விமானமா பகை விமானமா என்று வீரர் கற்றுக்கொண்டது அவற்றைப் பார்த்தே. சிறகின் சாய்வைத் தவறவிட்ட சிறுவனின் கைப்பிழை, எங்கோ கடலின்மேல் தன்னாட்டு விமானியின் உயிரைக் குடிக்கக்கூடும். விரற்கடைப் பொருள் என்று அன்று எவரும் சொல்லவில்லை.

மற்றொரு கோடியும் உண்டு. மேலைநாடுகளில் ‘தறையாணி எண்ணுவோர்’ என்று ஒரு கூட்டத்தாரை நகையாடுவர். உடலில் எத்தனை தறையாணி என்று எண்ணிக் குறைந்தால் வழக்குரைப்போர் அவர். அவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. பிளாஸ்ரிக்கில் ஒரு மில்லிமீற்றர் அகலத் தறையாணித் தலை, 1/72 இல் 72 மில்லிமீற்றராக விரியும். அஃதாவது ஒரு தோடம்பழத்தின் பருமன். தகட்டின் தடிப்பும் கண்ணாடியின் தடிப்பும் அவ்வாறே. அளவுக்கு இளைத்தால் வார்க்கவே இயலாது. ஆகவே தடிப்புப் பிழையை மன்னிக்கலாம், வடிவுப் பிழையை மன்னிக்கலாகாது என்பதே எமது துணிபு. சுழலித் தகடுகளை விறைப்பாக நீட்டி வைப்பதும் வடிவுப் பிழையே. நிலத்தில் ஓய்ந்து நிற்கும் வானூர்தியின் தகடுகள் தம் பாரத்தால் தாழும். சுழலும் திசையும் அவ்வாறே: மேலிருந்து நோக்குமிடத்து அமெரிக்கச் சுழலி இடஞ்சுழியாகவும் உருசியச் சுழலி வலஞ்சுழியாகவும் சுற்றும், தடித்த ஓரம் முன்செல்ல வேண்டும். இதனை மாற்றி ஒட்டிய வானூர்தி காற்றைப் பின்னோக்கி வெட்டும். எமது கழகத்தில் முதன்முதல் ஒட்டப்பட்ட மூன்றும் அத்தகையனவே, பொறுப்பாசிரியர் யாமே.

இதுவரை கூறியது எளிது. கடினமான மறுப்பொன்று உளது. எமது ஆசிரிய அறையில் மூத்தவர் ஒருவர் கழக அறைக்கு வர மறுத்துவிட்டார். “இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து விளையாடவும் விடுகிறீர்களோ?” என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எண்பதுகளில் யாம் சிறுவராயிருந்தபோது எம்மூர் வானில் வட்டமிட்டது இந்தப் பெல் 212 தான். 1995 இன் பின் எம்ஐ-24 உம் வந்தது. தொலைவிற் படபடவென்னும் ஒலி கேட்டதுமே அம்மா எம்மை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய நாட்கள் பல. அப்பொருளை அழகுற ஒட்டி, மினுக்கி, கண்ணாடிப் பேழையில் வைப்பதா?

பலநாள் சிந்தித்தோம். பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடலாமென்றும் எண்ணினோம். ஈற்றில், செய்வதானால் மெய்யாகச் செய்வோம் என்று முடிவு கொண்டோம். மேலட்டைப் படத்திலுள்ள வானூர்தி மாலைச் சூரியனின் முன் மயில்போல் பறக்கின்றது. அழுக்கில்லை, புகைக்கரியில்லை, கதவோரத்துத் துப்பாக்கி விரும்பினால் ஒட்டும் உறுப்பாகத் தனியே கிடக்கின்றது. அதனை ஒட்டாமல் விட்டால் அழகிய விளையாட்டுப் பொருள் கிடைக்கும். எமக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது அந்த விளையாட்டுப் பொருளே. புகைபோக்கியின் பின்னே படிந்த கரியும், திறந்த கதவும், அதிற் பொருத்திய துப்பாக்கியும், உரிய பக்கத்தில் வாற்சுழலியும் கொண்டு நிற்கும் சிற்றுருவைப் பார்க்கும் இளையோன், இது யாது, என்ன செய்தது என்று கேட்பான். மூத்தவரிடம் இதனைக் கூறினோம். அவர் உடன்படவில்லை. யாமும் வற்புறுத்தவில்லை.

மாணவன் வேலையைத் தொடர்ந்தான். வாற்சுழலியை வலப்பக்கத்துக்கு மாற்றினான். வேறொரு பெட்டியிலிருந்து நீண்ட தகடுகளை எடுத்துப் பொருத்தினான். இரண்டாம் புகைபோக்கியை எழுதுகோற் குழாயில் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் செய்தான். நிறந் தீட்டும் கட்டத்தில் மீண்டும் எம்மிடம் வந்தான். பக்கங்களைக் காட்டும் புகைப்படங்கள் பல கிடைத்தன. அடிப்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றும் அவனுக்கு அகப்படவில்லையாம். “சேர், நீங்கள் கீழே நின்று கண்டிருக்கிறீர்கள்தானே, அடி என்ன நிறம்?” என்று கேட்டான்.

யாம் எண்ணிப் பார்த்தோம், நினைவுக்கு வரவில்லை. ஆசிரிய அறையில் எம் வயதொத்த நால்வரைக் கேட்டோம். இருவர் பச்சை என்றனர். ஒருவர் கறுப்பு என்றார். நான்காமவர் தாம் ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை என்றார். மாதிரியுரு இப்போது கழக அறையின் மேசைமேல் நிற்கின்றது; அடிப்பக்கம் மட்டும் நிறந் தீட்டப்படாமல் வெறும் பிளாஸ்ரிக்காக இருக்கின்றது.