முகச்சாடை வாரிசு ஆகாது

பழனி முருகன் கிரேக்கக் கடவுள் என்று ஒரு கூட்டம். கிரேக்கர்களுக்கு நாடகமும் தத்துவமும் சொல்லிக்கொடுத்ததே நாம்தான் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்தாரும் விடியற்காலையிலேயே எழுந்து என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிடுகிறார்கள். அடியில் ‘தமிழனாக இருந்தால் பகிரவும்’ என்று ஒரு மிரட்டல் வேறு. நான் தமிழன்தான், ஆனாலும் பகிரவில்லை. ஏன் என்று கேட்ட அன்பர்களுக்கு ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். கிரேக்கக் கதைகள் பள்ளிக்கூடத்தில் வந்தன. முருகன் கதைகள் பாட்டி மடியில் வந்தன. பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அங்கே கையில் வந்த கோப்புகளில் பாதி வாரிசுத் தகராறு. ‘ஐயா, என் முகத்தைப் பாருங்கள், பெரியவர் சாடை அப்படியே இருக்கிறதே’ என்று வந்து நின்றவர்கள் உண்டு. சாடை இருந்தது உண்மைதான். ஆனால் சாடையைப் பார்த்து எந்தத் தாசில்தாரும் வாரிசுச் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டார். பிறப்புப் பதிவு எங்கே, சாட்சி யார் என்றுதான் கேட்பார். அரைக் காணி நிலத்துக்கே இந்த விசாரணை என்றால், ஆறுமுகனின் பூர்வீகத்துக்கு எவ்வளவு விசாரணை வேண்டும்?

முதலில் அலெக்சாண்டர் கதை. ஸ்கந்தன் என்பது சிக்கந்தர்தான். சிக்கந்தர் என்பது அலெக்சாண்டர். ஆகவே நம் மலைமேல் நிற்பது மாசிடோனிய ராஜா என்கிறார்கள். இது கைப்பேசியில் பிறந்த கதை அல்ல. 1937இல் திருவனந்தபுரத்தில் கூடிய அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் என். கோபால பிள்ளை என்ற அறிஞர் இதை ஒரு நீண்ட கட்டுரையாகவே வைத்தார். படித்தவர் சொன்னதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. கிரேக்க மொழியில் அந்த ராஜாவின் பெயர் அலெக்ஸாந்த்ரோஸ். அதன் முன்பாதியைத் தங்கள் மொழியின் ‘அல்’ என்ற சொல்முன்னொட்டாக எண்ணி அரபு மொழியார் விட்டுவிட, இஸ்கந்தர் என்றாகி, பாரசீகம் வழியாக நமக்குச் சிக்கந்தராக வந்தது. அதெல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய கதை. அலெக்சாண்டர் காலத்தை ஒட்டி இந்நாட்டார் அந்தப் பெயரை எப்படிச் சொன்னார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு, அதே பெயர் கொண்ட வேறொரு கிரேக்க அரசனை ‘அலிகசுதர’ என்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலிகசுதரனாக இருந்த பெயர், ஸ்கந்தனாக எந்தத் தெருவழியே வந்தது?

இன்னொன்றும் பாருங்கள். நம் மலைத் தெய்வத்துக்குப் பழந்தமிழ் நூல்கள் வைத்த பெயர்கள் முருகன், சேயோன், நெடுவேள். ஸ்கந்தன் என்ற வடபுலப் பெயர் வந்து சேர்ந்தது பிறகு. ஆக, ஸ்கந்தன்தான் சிக்கந்தர் என்று ஒருவர் நிரூபித்தே காட்டினாலும், அந்த வண்டி பழனி அடிவாரம் வரைக்கும் வராது.

கிரேக்க எழுத்தும் ஸ்கந்தனும் உண்மையாகவே சந்தித்த இடம் ஒன்று உண்டு. வடமேற்கே ஆண்ட குஷாண அரசன் ஹுவிஷ்கனின் காசுகளில் ஸ்கந்தனும் குமாரனும் விசாகனும் பெயரோடு நிற்கிறார்கள். பெயர்கள் கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்து அவர்களுடையது, தெய்வம் இந்நாட்டுடையது. காசு கையில் இருக்கிறது. எவரும் புரட்டிப் பார்க்கலாம். சாட்சியம் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

இரண்டாவது, டயோனிசஸ் கதை. இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. பிரெஞ்சுக்காரரான அலேன் தனியேலு 1979இல் ‘சிவனும் டயோனிசஸும்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். மூலத்திலேயே படித்தேன், அழகான பிரெஞ்சு. அதே பாதையில் முருகனையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் சொல்வது இது: இருவரும் இளையோர். இருவருக்கும் மலை பிடிக்கும். ஒருவரை நீரணங்குகள் வளர்த்தார்கள், மற்றவரைக் கார்த்திகைப் பெண்கள். அங்கே வெறிகொண்டு ஆடும் பெண்கள், இங்கே வேலனின் வெறியாட்டு. அவர் கையில் தண்டு, இவர் கையில் வேல்.

சாடை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்டு, ஐவிக்கொடி சுற்றி நுனியில் பைன் காய் செருகிய செடித்தண்டு. வேல் உலையில் அடித்த இரும்பு. டயோனிசஸ் திராட்சை மதுவின் தெய்வம். தன்னை ஏற்க மறுத்த அரசனை அவனைப் பெற்ற தாயின் கையாலேயே கிழித்தெறிய வைத்தவர் என்று யூரிப்பிடீஸ் நாடகம் காட்டுகிறது. நம் பழனியாண்டியோ எல்லாவற்றையும் விட்டுக் கோவணத்தோடு தண்டூன்றி நிற்பவர். இருவரும் ஒருவரே என்று சொல்ல, வேற்றுமை அத்தனையையும் மறைக்கவேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் கோப்பிலிருந்து பாதகமான தாளை உருவிவிட்டு மேலிடத்துக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் வேறு.

‘டயோனிசஸ் இந்தியாவுக்கு வந்தார் என்று கிரேக்கர்களே எழுதியிருக்கிறார்களே’ என்பார்கள். எழுதியிருக்கிறார்கள். கி.மு. 300ஐ ஒட்டிச் சந்திரகுப்தரிடம் தூதராக வந்த மெகஸ்தனீஸ், இங்கே டயோனிசஸையும் ஹெராக்ளீஸையும் கும்பிடுகிறார்கள் என்று எழுதினார். எந்த ஊருக்குப் போனாலும் அவ்வூர்த் தெய்வத்துக்குத் தங்கள் தெய்வத்தின் பெயரைச் சூட்டிச் சொல்வது கிரேக்கர் வழக்கம். எகிப்தில் போய் ஹெரோடோட்டஸும் இதைத்தான் செய்தார். அவர்கள் வைத்த பெயரை அவர்களிடமிருந்தே வாங்கி, அதையே ஆதாரமாகக் காட்டுவது, மனுதாரரே தனக்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டுக்கொள்வது போன்றது. ஸெனோபனீஸ் என்ற கிரேக்கர் இதைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே கேலி செய்துவிட்டார். கருத்தவர்கள் தங்கள் கடவுளைக் கருப்பாக நினைக்கிறார்கள், செம்பட்டை முடிக்காரர்கள் செம்பட்டை முடியோடு நினைக்கிறார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்தால் மாட்டுச் சாடையிலும் குதிரைச் சாடையிலும் கடவுளை வரைந்திருக்கும் என்றார்.

இனி எதிர்த்தரப்பு. கிரேக்க நாடகம் நம் கூத்திலிருந்து போனது, சாக்ரடீஸ் நம் சித்தரிடம் பாடம் கேட்டார் என்கிறவர்கள். இதுவும் அதே சாடை வழக்குத்தான், மனுதாரர் மட்டும் மாறியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் விண்டிஷ் போன்றோர் இதைத் தலைகீழாகச் சொன்னார்கள். சமஸ்கிருதத்தில் நாடகத் திரைக்கு ‘யவனிகா’ என்று பெயர், ஆகவே இந்திய நாடகமே யவனர் தந்தது என்றார்கள். பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1890இல் வந்த தம் நூலில் இதை மறுத்தார். மலைச்சரிவில் திறந்தவெளியில் நடந்த கிரேக்க நாடகத்தில் அப்படி ஒரு திரையே கிடையாது. இல்லாத பொருளை எப்படி ஏற்றுமதி செய்வது? அன்று லெவி நமக்காகக் கேட்ட கேள்வியை இன்று நாம் கிரேக்கருக்காகவும் கேட்கவேண்டும். நியாயத்தராசு ஒன்றுதான்.

பழந்தமிழ்நாட்டுக்கும் யவனருக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். தொடர்பு உண்டு, ஆவணத்தோடு உண்டு. முசிறியிலிருந்து ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலில் போன சரக்கின் கணக்கும் கடன் ஒப்பந்தமும் கிரேக்க மொழியில், பாப்பிரஸ் தாளில், வியன்னாவில் இருக்கின்றன. 1985இல் அச்சாயின. நம் பழனிக்குப் பக்கத்துக் கலையம்புத்தூரிலேயே 1856இல் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது. நாடகமும் இருக்கிறது: எகிப்தின் மணலில் கிடைத்து 1903இல் பதிப்பான ஒரு கிரேக்கக் கேலிக்கூத்தில், இந்தியக் கடற்கரைக் கோயிலில் அகப்பட்ட சாரிடியோன் என்ற பெண்ணை மீட்க அவள் ஆட்கள் வருகிறார்கள். இங்குள்ள ராஜாவுக்குத் தண்ணீர் கலக்காத மதுவை ஊற்றி மயக்கிவிட்டுத் தப்புகிறார்கள். ராஜா பேசும் மொழி கன்னடம் என்றார் ஒருவர், துளு என்றார் ஒருவர், வெறும் உளறல் என்றார் ஒருவர். வழக்கு இன்னும் முடியவில்லை. இப்படி ஒரு சரக்கு கையில் இருக்கும்போது, பொய்ச் சரக்கு எதற்கு?

இவ்வளவு ஏன் வாதாடுகிறேன்? கிரேக்கரிடம் உண்மையிலேயே எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. அதைத்தான் இரண்டு கூட்டமும் காலில் போட்டு மிதிக்கின்றன. ஹெரோடோட்டஸ் தம் நூலுக்குச் சொன்ன ‘ஹிஸ்டோரியே’ என்ற சொல்லுக்கு விசாரணை என்று பொருள். அவருக்குப் பின் வந்த தூசிடிடீஸ் இன்னும் கறாரானவர். கி.மு. 514இல் இரண்டு வாலிபர்கள் கொடுங்கோலனைக் கொன்று ஏதென்ஸுக்கு விடுதலை வாங்கித் தந்தார்கள் என்பது அவ்வூர் மக்களின் செல்லக் கதை. இருவருக்கும் நடுச் சந்தையில் சிலை. தூசிடிடீஸ் விசாரித்துவிட்டு எழுதினார்: கொல்லப்பட்ட ஹிப்பார்க்கஸ் ஆட்சியாளனே அல்ல, ஆண்டவன் அவன் அண்ணன் ஹிப்பியஸ், அவன் அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஆண்டான். சொந்த ஊர்க் கதையைக்கூட மக்கள் விசாரிக்காமல் காதில் விழுந்தபடியே நம்புகிறார்கள் என்று சலித்துக்கொண்டார். அவர் காலத்தில் கைப்பேசி இல்லை, நோய் இருந்திருக்கிறது.

நாடகத்திலும் அதே துணிச்சல். கி.மு. 480இல் பாரசீகப் படையைச் சாலமிஸ் கடற்போரில் முறியடித்தார்கள். எட்டே வருஷத்தில் ஈஸ்கிலஸ் ஒரு நாடகம் போட்டார். அதில் அழுகிறவள் பாரசீக ராஜாவின் தாய். எதிரியின் வீட்டு ஒப்பாரியை ஜெயித்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், அதுவும் டயோனிசஸின் திருவிழாவில்.

திருவிழா என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரேக்கர்கள் சாமி கும்பிடாதவர்கள், அதனால்தான் அறிவாளிகள் என்று சொல்லும் மூன்றாவது கூட்டத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. டெல்ஃபியில் குறி கேட்காமல் அவர்கள் பெரிய காரியம் தொடங்கமாட்டார்கள். கி.மு. 413இல் சிராக்கூஸில் சந்திர கிரகணம் பிடித்தது என்று, குறிசொல்பவர்கள் பேச்சைக் கேட்டுத் தளபதி நிசியஸ் கப்பலை எடுக்காமல் நின்றார், படையே அழிந்தது. சாக்ரடீஸைக் கொன்றபோது சொன்ன குற்றங்களில் ஒன்று, ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்பது. அவர்களும் நம்மைப் போலப் படையலிட்டுத் திருவிழா எடுத்தவர்கள்தான். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே சிலர் எழுந்து ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்டார்கள். ஆகவே கேட்பது பக்திக்கு விரோதம் என்று யாரும் என்னைப் பயமுறுத்தவேண்டாம். கிருத்திகைக்கு நானும் படியேறுகிறவன்தான்.

எனக்கு இதில் சொந்த வலி ஒன்றும் உண்டு. காரைக்கால் பையன்களான எங்களுக்கு, கோலுவாக்கள் என்ற பழைய பிரெஞ்சு இனத்தார்தான் நம் முன்னோர் என்று பாடம் நடந்தது. சிவந்த மீசைக்காரர் படத்தைக் காட்டி, இவர் உன் பாட்டன் என்றால் ஒரு கருத்த பையன் என்ன செய்வான்? மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். பாட்டனைக் கடன் வாங்கும் கேவலம் என்னவென்று எனக்குத் தெரியும். அதை இப்போது நாமே விரும்பி, முருகனுக்கும் சேர்த்துச் செய்யவேண்டுமா?

நம் வீட்டுப் பத்திரம் கெட்டியாகத்தான் இருக்கிறது. அகநானூற்றின் முதல் பாட்டில் மாமூலனார் ‘பொதினி’ என்று சொல்வது இந்தப் பழனியை. ஆவி என்ற வேளிர் தலைவன் ஆண்ட மலை. அவனுக்கு உவமை முருகன். அதே பாட்டில் சாணைக்கல் செய்யும் கைவினைஞனும் வருகிறான். திருமுருகாற்றுப்படை ஆவினன்குடியைப் பாடுகிறது. பழனியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் பொருந்தலில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010இல் தோண்டினார். ஆயிரக்கணக்கான பாசிமணிகளும், பானையில் நெல்லும், தமிழி எழுத்துப் பொறித்த மண்கலமும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வுக்கூடம் சொன்னது. எழுத்தின் காலமும் அதுவேதானா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும், அதுதான் முறை. மேலே கோடைமலையில், தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகளைப் பாருங்கள். இம்மலைகளின் கற்திட்டைகளை அருட்தந்தை ஆங்லாத், நியூட்டன் என்பவருடன் சேர்ந்து அளந்து எழுதினார். தொல்லியல் துறை 1928இல் அதை வெளியிட்டது. கடல் கடந்து முருகனிடம் வந்தவர் வேண்டுமென்றால், கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி ஆன வெள்ளைக்காரப் பெண்மணி 1936இல் எழுப்பியது. அவர் முருகனைத் தேடி வந்தார்; முருகனைத் தன் ஊர்க்காரர் ஆக்கவில்லை.

அன்பர்களே, அடுத்த முறை ‘பகிரவும்’ என்று ஒன்று வந்தால், யார் சொன்னது, எப்போது, எதில் இருக்கிறது என்ற மூன்று கேள்வியைக் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் மலைக்கோயிலோடு பொருந்தலுக்கும் தாண்டிக்குடிக்கும் கூட்டிப்போங்கள். கற்திட்டையைப் பெயர்த்து வேலிக்கல்லாக நடுவதைக் கண்டால் வட்டாட்சியருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். மனு எழுதுவது எனக்கு 34 வருஷப் பழக்கம்.