கையில் இருக்கிற தழும்பு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணிப் பயணந்தான். உட்கார இடம் கிடைக்காவிட்டால் மற்றவர்கள் கையைப் பார்த்துக்கொண்டே போகலாம். கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களின் சட்டைக் கையும் ரவிக்கைக் கையும் சற்று ஏறியிருக்கும். இடது புயத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு தழும்பு தெரியும். நேயர்களே, உங்கள் கையையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். க்ஷயரோகம் வராமலிருக்கப் பிறந்த குழந்தைகளுக்குக் குத்துகிறார்களே, அந்த பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது.

பாதி வழியில் எனக்கும் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், மடியில் பால்கோவாப் பொட்டலம். ஜன்னலோரம் அவருடைய மகள். ஆண்டாள் சந்நிதியில் வேண்டிக்கொண்டு திரும்புகிறார்களாம். கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. மகளுக்குச் சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி மடிக்கிற வேலை. மாப்பிள்ளைக்கு நூல் மில்லில். அவருக்கு ஒரு மாதமாக இருமல், சாயங்காலமானால் லேசாக ஜுரம். பத்திரிகைக்காரன் என்று தெரிந்துவிட்டால் பஸ்ஸில் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்!

"பஞ்சுத் தூசிதான் தம்பி. கையிலே ஊசித் தழும்பு இருக்குது, எனக்குச் சயம் வராதுன்னு அவரே சொல்லிப்புட்டாரு" என்றார் அம்மாள்.

தழும்பு அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் நம்முடைய தமிழ்நாடுதான்.

பிரான்ஸ் தேசத்தில் கால்மெத், கேரன் என்று இரண்டு விஞ்ஞானிகள். மாட்டுக்குக் காச நோய் தரும் ஒரு கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கின் மேல் 13 வருஷம் வளர்த்தார்கள். ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு 230 தடவை மாற்றினார்கள். கிருமி சாதுவாயிற்று. 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் 1948-இல் இந்த ஊசி ஆரம்பமாயிற்று. சென்னை கிண்டியிலேயே தயாரிக்கவும் ஏற்பாடாயிற்று. 1955-இல் ராஜாஜி இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். உயிருள்ள கிருமியைக் கூட்டங் கூட்டமாகக் குழந்தைகளுக்குச் செலுத்துவதா என்பது அவருடைய ஆட்சேபங்களில் ஒன்று.

ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று பார்த்துவிட 1968-இல் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், மாபெரும் பரிசோதனை ஒன்று தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கை நீட்டினார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் நீர். யாருக்கு எது என்று குத்தியவருக்கும் தெரியாது. பதினைந்து வருஷம் விடாமல் கவனித்தார்கள். பெரியவர்களின் நுரையீரலில் வரும் காச நோயை ஊசி தடுக்கவில்லை! முழு விவரம் 1999-இல் வெளியாயிற்று. உலகமே திகைத்தது. ஆனாலும் பச்சைக் குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காச நோய்க்கு பி.சி.ஜி. நல்ல காவல், மற்ற தேசங்களின் ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்திருக்கின்றன. ஆகவே பிள்ளைக்கு ஊசி போட மறுத்துவிடாதீர்கள், தாய்மார்களே. முப்பது வயதுக்காரர் அந்தத் தழும்பை நம்பி இருமிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

ஏன் இப்படி? இங்கேதான் டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஒருவர் வருகிறார். பெயர் பீட்டர் ஆண்டர்சன். கோபன்ஹேகனில் உள்ள ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிட்யூட்டில் வெகு காலம் வேலை பார்த்தவர். (செங்கற்பட்டில் குத்திய இரண்டு ரக மருந்துகளில் ஒன்று டேனிஷ் ரகந்தான். தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் நம்மை அவ்வளவு லேசில் விடுவார்களா!) காச நோய்க்கும் கிளமிடியா என்ற இன்னொரு நோய்க்கும் புதுத் தடுப்பூசி தேடியவர் அவர்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இராஜபாளையத்துக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். வாசலில் உயர்ஜாதி நாய் ஒன்று கட்டியிருக்கிறது. தெருவோடு வரும் திருடனை அது விடாது. நம் ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள்கள் அந்த நாயைப் போல. ஆனால் திருடன் எப்படியோ உள்ளே நுழைந்து, அறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு, வீட்டுக்காரன் சோற்றையே தின்றுகொண்டிருந்தால்? வாசல் நாய் குரைத்து என்ன பயன்? இந்த இரண்டு கிருமிகளும் அப்படித்தான், நம் உடம்பின் அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன. அறை அறையாக மோப்பம் பிடிக்கிற வேறு காவல் வேண்டும். அதற்கு 'டி' அணுக்கள் என்று பெயர். திருடனுடைய துண்டை முகரக் கொடுத்துப் பழக்குவது போல, கிருமியின் புரதத்தில் ஒரு துணுக்கைக் காட்டி அந்த அணுக்களைப் பழக்குவதுதான் ஆண்டர்சனின் வழி.

1995-இல் அவரும் சகாக்களும் 'ஈசாட்-6' என்ற ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். காசக் கிருமியிடம் அது உண்டு, பி.சி.ஜி.யிடம் இல்லை. உருளைக்கிழங்கின் மேல் வளர்ந்த காலத்தில் அதை எங்கோ தொலைத்துவிட்டது போலும்! இந்த வித்தியாசத்தால் உடனே ஒரு லாபம் கிடைத்தது. பழைய தோல் பரிசோதனையில் ஊசி போட்டவர் கையும் தடிக்கும், கிருமி புகுந்தவர் கையும் தடிக்கும். புதுப் பரிசோதனை இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். 2022-இல் அது இந்தியாவுக்கும் வந்தது.

தடுப்பூசி மட்டும் லேசில் மசியவில்லை. அந்த இன்ஸ்டிட்யூட்டில் பிறந்த ஒரு காச ஊசியைத் தென் ஆப்பிரிக்காவிலும் டான்ஸானியாவிலும், நோய் குணமான 800-க்கும் அதிகமானவர்களுக்கு, மறுபடி வராமலிருக்குமா என்று போட்டுப் பார்த்தார்கள். பலனில்லை என்று 2025-இல் முடிவு வெளியாயிற்று. கிளமிடியா ஊசி இன்னும் தவழ்கிற பருவத்தில் இருக்கிறது. லண்டனில் 35 பெண்களிடம் செய்த முதல் சோதனையின் முடிவு 2019-இல் வந்தது: தீங்கில்லை, மருந்து பெற்ற அனைவர் உடம்பிலும் எதிர்ப்பு உண்டாயிற்று. நோயைத் தடுக்குமா என்பது இனிமேல் பார்க்க வேண்டியது.

கிளமிடியா என்ன நோய் என்று அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லக்கூடியதா? உங்களிடம் சொல்லலாம். அது தாம்பத்திய உறவில் தொற்றுவது. உலகில் வருஷத்துக்குச் சுமார் 13 கோடிப் பேருக்குப் புதிதாக வருகிறது. பெரும்பாலான பெண்களுக்கு வலியுமில்லை, வேறு குறியுமில்லை. சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடுகிறது. ஒரு வார மாத்திரையில் கிருமி போய்விடும். ஆனால் புருஷன் மனைவி இருவரும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும். அடைத்த குழாய் மாத்திரையால் திறக்காது. (இதே கிருமியின் வேறு ரகம்தான் ஒரு காலத்தில் இமைக்குள் புண்ணாக்கிக் கண்ணைக் குருடாக்கிய ட்ரக்கோமா. இந்தியாவில் அது பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லாமல் ஒழிந்தது என்று 2024-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.)

காச நோயும் இதே காரியத்தைச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. நுரையீரலில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்க் கருக்குழாயில் தங்கிவிடலாம். அப்போது இருமலே இருக்காது. நம் தேசத்தில் குழந்தையில்லாத பெண்களைப் பரிசோதிக்கும் டாக்டர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறார்கள். குழந்தை இல்லாமைக்கு இன்னும் எத்தனையோ காரணங்கள், ஆணிடமும் உண்டு. 'மலடி' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிற நம் வீடுகளில் இதையெல்லாம் யார் விசாரிக்கிறார்கள்?

அம்மாளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதிக்க வேண்டும், காசு கேட்க மாட்டார்கள். நோய் என்று தெரிந்தால் சாதாரணமாக ஆறு மாதம் மாத்திரை, அதுவும் இலவசம். சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வேறு, 2024 நவம்பரிலிருந்து. மாப்பிள்ளையோடு மகளும் போய், குழந்தை விஷயத்தையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"அவளுக்குத்தான் இருமல் இல்லையே, தம்பி?"

"இருமல் இல்லாமலும் இருக்கலாம் அம்மா."

அதுவரை மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் முதல் தடவையாகத் திரும்பினாள். "சளி எடுக்கிறது எந்தக் கிழமைங்க? அவருக்கு இந்த வாரம் பகல் ஷிப்டு" என்றாள்.

காலையில் போய்க் கேளுங்கள் என்றேன். பஸ் இராஜபாளையத்துக்குள் நுழைந்துவிட்டது. அம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பால்கோவாவில் ஒரு வில்லையை என் கையில் வைத்தார். மகள் அதற்குள் இறங்கிவிட்டாள்.